நீங்கள் பேசும் விதத்துக்கு ஏற்ற கவுன்சலிங்: பொருத்தம் பார்ப்பது எப்படி

"ரெண்டு தடவை போனேன். நான் சொன்னதையே திருப்பிச் சொன்னாங்க, தலையாட்டினாங்க, பணத்தை வாங்கிக்கிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னாங்க." இது ஒரு வகைப் புகார். "என்னைப் பேசவே விடலை. கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து நிரப்பிக்கிட்டு வாங்கன்னாங்க. பரீட்சைக்குப் போன மாதிரி இருந்துச்சு." இது இன்னொரு வகை. கவுன்சலிங் வேலையில் இருக்கும் எங்களுக்கு இரண்டுமே பழகிப்போன புகார்கள். எப்போதும் வேறொரு கவுன்சலரைப் பற்றித்தான் கேட்போம், எங்களைப் பற்றிய புகார் வேறெங்காவது போய்ச் சேர்ந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு கவுன்சலர்களுமே அவரவர் படித்தபடி ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறார்கள். முதல் ஆள் கார்ல் ராஜர்ஸ் வழி (கேட்டுப் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வது), இரண்டாவது ஆள் ஆரோன் பெக் வழி (எண்ணங்களை எழுதிச் சரிபார்ப்பது). வந்தவர்கள் இருவரும் இடம் மாறிப் போயிருந்தால் ஒருவேளை இரண்டு பேருமே மூன்றாவது தடவையும் போயிருப்பார்கள். அதனால் "எந்த முறை பெஸ்ட்" என்று இணையத்தில் தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கஷ்டம் வந்தால் உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது, எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொள்ளும் முறையில் வேலை செய்கிறவரிடம் தொடங்குங்கள். இதுவரை போகாதவர்களுக்கும், ஒரு தடவை போய்விட்டு "இது நமக்குச் சரிப்படாது" என்று திரும்பியவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பேச்சைக் கவனியுங்கள்

கடைசியாக மனசு நொந்துபோன ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை, ஆபீஸில் நாலு பேர் முன்னால் வாங்கிய திட்டோ, சம்பந்தி வீட்டில் கேட்ட ஒரு சொல்லோ போதும். அதை யாரிடம் சொன்னீர்கள், முதல் வாக்கியம் என்ன? "ஆதியிலேர்ந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும்" என்று ஆரம்பித்தீர்களா, "தலை விண்விண்ணுன்னு தெறிக்குது" என்றீர்களா, "நான் இப்ப என்ன பண்ணணும், சொல்லு" என்றீர்களா, "எல்லாம் அவளால வந்தது" என்றீர்களா, சிரித்துக்கொண்டே ஜோக்காகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினீர்களா, இல்லை யாரிடமும் மூச்சுவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டீர்களா? அந்த முதல் வாக்கியத்தை அப்படியே போனில் எழுதி வையுங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

குடும்பச் சிகிச்சையில் பெரிய பெயரான வர்ஜீனியா சத்தீர், நெருக்கடியில் மனிதர்கள் பேசும் விதத்தை நான்காகப் பிரித்துக் காட்டினார்: எதற்கும் பணிந்து போவது, அடுத்தவர்மீது பழி போடுவது, உணர்ச்சியைக் காட்டாமல் நியாயம் பேசுவது, சம்பந்தமே இல்லாமல் பேச்சைத் திருப்புவது. உள்ளே இருப்பதும் வெளியே சொல்வதும் ஒன்றாக இருப்பதை ஐந்தாவதாக வைத்தார். அதைச் சொல்லிக் கொடுத்ததோடு விடாமல், வந்த குடும்பத்தையே எழுப்பி நிறுத்தி, பணிந்து போகிறவரை மண்டியிடச் சொல்லி, பழி போடுகிறவரை விரலை நீட்டச் சொல்லி, அப்படியே அசையாமல் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்வார். பத்து வருடச் சண்டை ஒரு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே ஆள் மேனேஜரிடம் பணிந்தும், வீட்டில் பழி போட்டும், நண்பர்களிடம் ஜோக்கடித்தும் பேசுவார். கவுன்சலர் அறையில் வெளியே வரப்போவது எது? நம் ஊரில் பெரும்பாலும் டாக்டரிடமும் வாத்தியாரிடமும் பேசுகிற பேச்சுதான் வரும். எதிரே நாற்காலி, மேசை, சுவரில் சான்றிதழ். வீட்டில் சிங்கமாக இருப்பவர் அங்கே "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று உட்கார்ந்திருப்பார். ஆகவே நண்பரிடம் எப்படிப் பேசினீர்கள் என்பதோடு, கடைசியாக டாக்டரிடம் எப்படிப் பேசினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதுவே முதல் நாளில் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல்.

"நீங்களே சொல்லுங்க மேடம்"

நம் ஊரில் அதிகம் வருகிற வகை இதுதான் என்பது என் எண்ணம், அதனால் இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

ராஜர்ஸ் 1942-ல் எழுதிய புத்தகத்தில் அறிவுரை சொல்வதும், சமாதானப்படுத்தி வழிக்குக் கொண்டுவருவதும் கவுன்சலிங் ஆகாது என்று அடித்துச் சொன்னார். வந்தவர் பேசுவார், கவுன்சலர் அதை முழுசாகக் கேட்டு, புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வார், பேசுகிறவருக்குத் தன் மனது தானே தெரிய ஆரம்பிக்கும். அருமையான முறை. ஆனால் இப்படி நடக்கும்:

"மாமியார்கூட ஒரே பிரச்சனை மேடம், தனியா போயிடலாமான்னு இருக்கு."

"அந்த வீட்ல இருக்கறதே உங்களுக்கு மூச்சு முட்டற மாதிரி இருக்கு."

"ஆமா மேடம். அதான், போகலாமா வேணாமா?"

"ஒரு பக்கம் போகணும்னு இருக்கு, இன்னொரு பக்கம் தயக்கமா இருக்கு."

"அதைத்தானே மேடம் நானும் சொல்றேன்!"

அந்தப் பெண் அடுத்த வாரம் வரமாட்டார். ஜஸ்வந்த் சிங் நேகி என்ற பஞ்சாபி மனநல மருத்துவர், நல்ல கவிஞரும்கூட, 1973-லேயே இதைப் பற்றி எழுதினார். இந்தியாவில் உதவி தேடி வருகிறவர் எதிரே இருப்பவரைக் குருவின் இடத்தில் வைக்கிறார், பேசாத குருவை அவரால் புரிந்துகொள்ள முடியாது, ஆகவே குரு-சீடன் உறவையே சிகிச்சைக்கான அச்சாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். அரை நூற்றாண்டு கழித்தும் இதில் நிறைய உண்மை இருக்கிறது. எல்லாமும் உண்மை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். குரு சொன்னபடி தனிக்குடித்தனம் போய், அது சரிப்படாமல் போனால், பழியும் குருவுக்குத்தான் வரும்.

நீங்கள் இந்த வகை என்றால் என்ன செய்யலாம்? அமைப்போடு வேலை செய்கிறவரைத் தேடுங்கள். போனில் பேசும்போதே "சி.பி.டி. பண்ணுவீங்களா, இல்லைன்னா தீர்வை மையமா வெச்ச முறையா?" என்று கேளுங்கள். சி.பி.டி. என்பது அமெரிக்காவில் 1960-களில் ஆரோன் பெக் உருவாக்கியது. என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன எண்ணம் ஓடியது, அதனால் என்ன தோன்றியது என்று கட்டம் போட்டு எழுதி, அந்த எண்ணம் எவ்வளவு தூரம் உண்மை என்று சரிபார்க்கச் சொல்லித் தருவார்கள். வாராவாரம் வீட்டு வேலை உண்டு. தீர்வை மையமாகக் கொண்ட முறை 1980-களின் தொடக்கத்தில் மில்வாக்கியில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கியது. "இப்ப பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க? நாலா? சரி, ஏன் ரெண்டு இல்லை, எது உங்களை நாலு வரைக்கும் கொண்டுவந்துச்சு? அஞ்சு ஆனா முதல்ல யாருக்குத் தெரியும்?" என்று கேட்பார்கள். இதில் அறிவுரை ஒரு சொட்டும் கிடையாது, ஆனாலும் எழுந்து வரும்போது கையில் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். "நீங்களே சொல்லுங்க" என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அந்த உணர்வுதான்.

ஒரே ஆளின் பிரச்சனையை வேறு வேறு கவுன்சலர்கள் எப்படிக் கையாள்வார்கள் என்பதை 1964-ல் படமாகவே எடுத்தார்கள். ஒரே பெண், ஒரே நாளில், ராஜர்ஸிடமும், கெஸ்டால்ட் முறையின் ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸிடமும், தவறான எண்ணங்களோடு வாதாடும் முறையின் ஆல்பர்ட் எல்லிஸிடமும் தனித்தனியாகப் பேசினார். ராஜர்ஸ் கேட்டார், பெர்ல்ஸ் சீண்டினார், எல்லிஸ் நிறுத்தாமல் பேசினார். முடிந்ததும் அந்தப் பெண் பெர்ல்ஸ்தான் தனக்கு அதிகம் உதவுவார் என்றார். ஆனால் பிற்பாடு பெர்ல்ஸ்மீது அவருக்குக் கசப்பு வந்தது, ராஜர்ஸோடுதான் கடைசிவரை கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அன்றைக்குப் பிடித்ததும் காலப்போக்கில் நின்றதும் வேறு வேறு. முதல் சந்திப்பில் "ஆஹா, கரெக்டா சொல்லிட்டாங்க" என்று தோன்றினால் சந்தோஷம்தான், அதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

உடம்பு வழியாகப் பேசுகிறவர்கள்

"மனசு எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இந்த நெஞ்சு படபடப்பும் அசதியும் போனா போதும்." இப்படிச் சொல்லும் அம்மாக்கள், பெரியம்மாக்கள், நிறைய ஆண்களும்தான். இ.சி.ஜி. எடுத்தாயிற்று, தைராய்டு பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். "உங்களுக்கு மனசுலதான் பிரச்சனை" என்று சொன்னால் கோபம் வரும், நியாயமான கோபம். அவருக்கு நிஜமாகவே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இவர்களை உட்கார வைத்து "அப்ப உங்களுக்கு எப்படி ஃபீல் ஆச்சு?" என்று மூன்று தடவை கேட்பதில் பயனில்லை. உடம்பிலிருந்தே தொடங்கும் முறைகள் இருக்கின்றன. ஒன்று, மூச்சுப் பயிற்சியும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும். இன்னொன்று, நின்றுபோன நடவடிக்கைகளைத் திரும்பத் தொடங்க வைக்கும் முறை: கோலம் போடுவதை எப்போது விட்டீர்கள், கோயிலுக்குப் போவதை எப்போது நிறுத்தினீர்கள், எந்த நேரத்தில் அசதி அதிகம், அப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு, நாளைக்கு ஒன்று, நாளன்றைக்கு ஒன்று என்று திரும்ப ஏற்றுவார்கள். மனதைத் திறந்து பேச வேண்டிய கட்டாயம் இதில் குறைவு. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கடும் மனச்சோர்வு இருந்தவர்களுக்கு, மனநலப் படிப்பு ஏதும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு சந்திப்புகளில் இதைச் செய்து பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்ற முடிவு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

நீங்கள் இப்படிப் பேசுகிறவர் என்றால், அல்லது அப்படிப்பட்ட அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால், ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டு போங்கள். "எப்ப அதிகமாகுது, எப்ப குறையுது" என்று ஒரு வாரம் குறித்து வைத்துக் கொண்டு போங்கள். நல்ல கவுன்சலர் அந்தக் குறிப்பிலிருந்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் படபடப்பு அதிகம் என்றால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று தானாகப் பேச்சு போய்விடும்.

கோபத்தோடு வருகிறவர்கள், இழுத்து வரப்பட்டவர்கள்

"வீட்ல சொன்னாங்கன்னு வந்தேன். எனக்கு ஒண்ணும் இல்லை." குடிப் பிரச்சனைக்காக வருகிறவர்களிடம் அநேகமாக இதுதான் முதல் வாக்கியம். இதற்கு இரண்டு பதில் இருக்கின்றன. ஒன்று: "ஒண்ணும் இல்லைன்னா உங்க வைஃப் ஏன் அழறாங்க? லிவர் போயிடும்னு தெரியுமா தெரியாதா?" உடனே அவர் தன் பக்கத்தை வாதாட ஆரம்பிப்பார், தான் குடிப்பது குறைவுதான் என்று நிரூபிக்க ஆள் பெயர்களை அடுக்குவார், அரை மணி நேரம் முடிந்தபோது தன் வாதத்தைத் தானே நம்பிவிட்டிருப்பார். இன்னொன்று:

"அவங்க சொல்லித்தான் வந்திருக்கீங்க. உங்களுக்கா எதுவும் பெருசா தோணலை."

"அப்படியும் சொல்ல முடியாது சார்."

"ம்."

"காலையில கை நடுங்குது. ஒரு ரவுண்டு போட்டாத்தான் நிக்குது."

கேட்டது ஒன்றுமில்லை, ஆனால் விஷயம் வந்துவிட்டது. (காலையில் கை நடுங்குகிறவர் திடீரென்று குடியை நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம், முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும், கவுன்சலிங் கூடவே நடக்கட்டும்.) இந்த முறையை வில்லியம் மில்லர் 1983-ல் எழுதினார், பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து விரிவாக்கினார். ஊக்க நேர்காணல் என்று தமிழில் சொல்லலாம், எங்கள் வட்டத்தில் எம்.ஐ. என்றுதான் சொல்கிறோம். மில்லரும் கூட்டாளிகளும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், கவுன்சலர் எவ்வளவுக்கு எதிர்த்துப் பேசினாரோ அவ்வளவுக்கு அவரிடம் வந்தவர் ஒரு வருடம் கழித்து அதிகம் குடித்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் பொருத்தம் பார்க்கும் யோசனைக்கே எதிரான ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எந்த ஆளுக்கு எந்த முறை என்று கண்டுபிடிக்க அமெரிக்காவில் 1989-ல் தொடங்கி குடிப் பிரச்சனை உள்ள 1,726 பேரை மூன்று முறைகளில் பிரித்து வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், ப்ராஜெக்ட் மேட்ச் என்று பெயர். 1997-ல் முடிவு வந்தபோது எதிர்பார்த்த பொருத்தங்களில் பெரும்பாலானவை பலிக்கவில்லை. மூன்று முறைகளிலும் மக்கள் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தார்கள். தப்பிப் பிழைத்த சில பொருத்தங்களில் ஒன்று, கோபம் அதிகம் உள்ளவர்களுக்கு எதிர்த்துப் பேசாத இந்த ஊக்க முறை கூடுதலாக உதவியது என்பது. ஆக, ஜாதகம் பார்ப்பதுபோல் பத்துப் பொருத்தமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதல் சில வாரம் ஓடிப்போகாமல் உட்கார வைக்கும் அளவுக்குப் பொருத்தம் இருந்தால் போதும், மீதியை இரண்டு பேருமாகச் சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கோபக்காரர் மட்டும் கொஞ்சம் கவனமாகத் தேடுங்கள். போனில் பேசும்போதே உங்களைத் திருத்தத் தொடங்குகிற ஆள் உங்களுக்கு வேண்டாம்.

சரி சரி என்பவர்கள், நியாயம் பேசுகிறவர்கள்

பணிந்து பேசுகிறவர்கள் கவுன்சலருக்கு ரொம்பப் பிடித்தமானவர்கள், அதில்தான் ஆபத்து. சொன்ன நேரத்துக்கு வருவார்கள், சொன்னதற்கெல்லாம் "ஆமாங்க, கரெக்ட்டுங்க" என்பார்கள், கட்டத்தை அழகாக நிரப்பிக்கொண்டு வருவார்கள், எதுவும் மாறியிருக்காது. கவுன்சலருக்கு வலிக்கக் கூடாது என்று பொய்யாக நிரப்பியிருப்பார்கள். வெளியே எல்லாரிடமும் எப்படி நடந்துகொள்கிறார்களோ அதையே உள்ளேயும் செய்கிறார்கள். இவர்களுக்கு அதிகாரமாகப் பேசும் கவுன்சலர் சரிப்படமாட்டார், ராஜர்ஸ் வழியில் வருகிறவர்கள் நன்றாகப் பொருந்துவார்கள். சில கவுன்சலர்கள் ஒவ்வொரு சந்திப்பின் கடைசியிலும் ஒரு சின்னத் தாளைக் கொடுப்பார்கள், நான்கு கோடுகள், ஒவ்வொன்றும் பத்து செண்டிமீட்டர்: நான் சொன்னதைக் கேட்டார்களா, நான் பேச நினைத்ததைப் பேசினோமா, இந்த முறை எனக்குச் சரிப்படுகிறதா, மொத்தத்தில் எப்படி. கோட்டில் ஓர் இடத்தில் குறிக்க வேண்டும். வாயால் "நல்லா இருந்துச்சு மேடம்" என்று மட்டுமே சொல்ல வருகிறவருக்குப் பேனாவை அரை செண்டிமீட்டர் இடதுபக்கம் நகர்த்துவது கொஞ்சம் சுலபம். உங்கள் கவுன்சலரிடம் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

நியாயம் பேசுகிறவர்கள் வேறு. ஐ.டி. வேலைக்காரர்கள், ஆடிட்டர்கள், என்னைப் போன்றவர்களும். தன் அப்பா இறந்ததைப் பற்றிச் சொல்லும்போதுகூட ஒரு ரிப்போர்ட் வாசிப்பதுபோல் சொல்வார்கள். சி.பி.டி. இவர்களுக்கு உடனே பிடித்துவிடும், முதல் வாரத்திலேயே எக்ஸெல் ஷீட் போட்டுக்கொண்டு வருவார்கள். தொடங்க நல்ல இடம்தான். ஆனால் இரண்டு மாதம் போயும் எல்லாவற்றையும் அலசி முடித்துவிட்டு எதுவுமே தோன்றவில்லை என்றால், அழுகையையும் கோபத்தையும் அறைக்குள்ளேயே தொட வைக்கும் முறைகளுக்கு, கெஸ்டால்ட் மாதிரியானவற்றுக்கு, நகர்வது பற்றிப் பேசுங்கள். அது இவர்களுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று சொல்லிவிட்டே முயற்சி செய்யலாம்.

ஆதியிலிருந்து கதை சொல்கிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், இவர்களுக்கு எந்த அறையிலும் பேச்சு வந்துவிடும். மைக்கேல் வைட்டும் டேவிட் எப்ஸ்டனும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் உருவாக்கிய கதைமுறைச் சிகிச்சை தெரிந்தவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். "கோபக்காரி நான்" என்று சொல்கிறவரிடம், "இந்தக் கோபம் உங்க வீட்டுக்குள்ள எப்ப வந்துச்சு, யார் யாரைப் பிரிச்சுச்சு?" என்று கேட்டுக் கோபத்தை ஆளிடமிருந்து தனியாகப் பிரித்து உட்கார வைப்பார்கள்.

பேசவே வராதவர்கள்

"என்னடா ஆச்சு?" "ஒண்ணுமில்ல." பதினாறு வயதுப் பையனைக் கூட்டி வருகிற அம்மாக்களுக்கு இந்த இரண்டு வரி போதும், மீதி புரியும். இவர்களை எதிரெதிரே உட்கார வைத்து முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்வதே தண்டனை. பக்கவாட்டில் உட்காருவது, ஏதாவது வரைவது, கேரம் ஆடுவது, நடந்துகொண்டே பேசுவது எல்லாம் முறையான வழிகள்தான், "விளையாட்டுக் காட்டிப் பணம் வாங்குறாங்க" என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லாதீர்கள். பெரியவர்களில் பேச வராதவர்களுக்கு என் யோசனை: எழுதுங்கள். முதல் சந்திப்புக்கு முன்னால் அரைப் பக்கம் எழுதி, உள்ளே போனதும் தாளைக் கொடுத்துவிடுங்கள், "வாயால சொல்ல வரலை, படிங்க" என்று. எந்த நல்ல கவுன்சலரும் படிப்பார்.

பேச்சு வராதவர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஐம்பது நிமிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, எழுந்து வெளியே வந்து செருப்பு மாட்டும்போது "அப்புறம் மேடம், போன மாசம் மாத்திரை நிறைய வாங்கி வெச்சிருந்தேன்" என்பார்கள். அந்த நாளின் முக்கியமான வாக்கியம் அதுதான். உங்களுக்கு இந்தப் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "எனக்குக் கடைசியிலதான் பேச்சு வரும், பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு தடவை கேளுங்க." உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986 முதல் இதே வேலையைச் செய்கிறது. அங்கே இருக்கும் தன்னார்வலர்கள் அறிவுரை சொல்லமாட்டார்கள், நியாயம் தீர்க்கமாட்டார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். பேச வராதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று போன் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வீடே சேர்ந்து வந்தால்

மேற்கத்திய முறைகள் பெரும்பாலும் ஒரு ஆள், ஒரு அறை, பூட்டிய கதவு என்ற கணக்கில் வளர்ந்தவை. நம் பக்கம் அம்மா, அக்கா, சித்தப்பா எல்லாம் வந்துவிடுவார்கள். இதைத் தொல்லையாகப் பார்க்காமல் மருத்துவமனையே பயன்படுத்திக்கொண்ட வரலாறும் உண்டு. 1950-களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பங்களை மனநல மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினர் ஒருவர் கூடவே தங்குவது பல காலமாக நடைமுறை.

ஆனால் உங்களுக்காகக் குடும்பம் பேச ஆரம்பித்தால் உங்கள் பேச்சு யாருக்கும் தெரியாமலே போய்விடும். "இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே பயம்" என்று அம்மா சொல்ல, நீங்கள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆரம்பத்திலேயே "பத்து நிமிஷம் எல்லாரும், அப்புறம் நான் மட்டும்" என்று கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்க முடியாதென்றால் போனில் முன்பே கவுன்சலரிடம் சொன்னால் அவரே சொல்வதுபோல் சொல்லிவிடுவார். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுகிறவரின் தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். எதெல்லாம் வெளியே போகும், எது போகாது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கணவன் மனைவியாக வந்தால் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப: ஒருவர் விடாமல் கேட்பார், மற்றவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கேட்கக் கேட்க மௌனம் கூடும், மௌனம் கூடக் கூடக் கேள்வி கூடும். ஒருவர் பேச மற்றவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுவிட்டுத்தான் தன் முறை என்று கட்டுப்பாடு வைக்கிற கவுன்சலராகப் பாருங்கள். இரண்டு பேரில் ஒருவரோடு மட்டும் சேர்ந்துகொண்டு மற்றவருக்குப் பாடம் எடுக்கிறவரிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள். வீட்டில் அடி உதை இருந்தால் சேர்ந்து போகவே வேண்டாம், தனியாகப் போங்கள்.

போன் செய்யும்போதும், அதற்கப்புறமும்

நான்கு விஷயம் கேட்டால் போதும். என்ன படித்திருக்கிறீர்கள் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின், பதிவு எண் இருக்க வேண்டும்), எந்த முறையில் வேலை செய்வீர்கள், முதல் நாள் என்ன நடக்கும், எவ்வளவு ஆகும். இரண்டாவது கேள்விக்கு "எல்லா முறையும் பண்ணுவோம்" என்று பதில் வந்தால், "நான் உள்ளே வந்து அழுதா என்ன பண்ணுவீங்க, ஒண்ணுமே பேசலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும். எந்த மொழியில் பேசலாம் என்பதையும் பாருங்கள், ஆபீஸ் விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்லி அம்மா விஷயத்தில் தமிழுக்குத் தாவுகிறவருக்கு இரண்டும் தெரிந்தவர்தான் வேண்டும். பணம் கொடுக்க முடியாத நிலை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே கூட்டம் இருக்கும், நேரம் குறைவாகக் கிடைக்கும், அதனால் எழுதிக்கொண்டு போவது இன்னும் முக்கியம்.

உள்ளே போனதும் போனில் எழுதிய அந்த முதல் வாக்கியத்தையும் டாக்டரிடம் பேசுகிற விதத்தையும் சொல்லுங்கள். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உடம்புதான் பேசும்" அல்லது "நான் எல்லாத்துக்கும் சரின்னுடுவேன், நம்பாதீங்க." இப்படி ஒரு வரி கிடைத்தால் எங்கள் வேலை இரண்டு வாரம் முந்திப்போகும்.

மூன்று அல்லது நான்கு சந்திப்புக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நேரே சொல்லுங்கள்: "நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீங்க, எனக்குக் கொஞ்சம் வழி காட்டினா நல்லா இருக்கும்." அல்லது, "வீட்டு வேலை வேண்டாம், கொஞ்ச நாள் பேச விடுங்க." நேரில் வாய் வராதென்றால் முந்தின நாள் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து முறையை மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. முகம் சுளித்தால் வேறு ஆளிடம் போகலாம். போகும்போது இதுவரை என்ன பேசினோம், எந்த முறையில் செய்தோம் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவரிடம் எல்லாவற்றையும் மறுபடி ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.